படத்தின் ஓரத்தில் நிற்பது யார்?

கேமரன் மலை 'போ' தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே உழைத்த தாத்தா, பாட்டியின் பழைய படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஓரம் கிழிந்த அப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தால், தேயிலைச் சரிவையும் கூடை சுமக்கும் பெண்களையும் சேர்த்து விரித்துத் தரும்.

எப்படி? ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற அது, மணல் தூவியதுபோன்ற புள்ளிகளில் தொடங்கி, மீதிப் படத்தின் ஒளி, நிறம், கோடுகளுக்குப் பொருந்தும்படி படிப்படியாகத் தெளிவாக்குகிறது. கிழிந்த இடத்தில் யார் நின்றார் என்பது அதற்குத் தெரியாது. எது பொருந்தும் என்று கணிக்கிறது, அவ்வளவுதான். மறுபடி கேட்டால் வேறு முகங்கள் வரும்!

எனவே, மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். விரித்த படத்தில் 'கணினி சேர்த்தது' என்று எழுதுங்கள். இல்லையேல், நாளை பேரப்பிள்ளைகள் இல்லாத ஒருவரை உறவென்று நம்புவார்கள்.