உரோமானியரின் படையமைப்பு

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் பெரும்படைக்கு அடிப்படையாய் அமைந்தது, எண்மர் அடங்கிய ஒரு சிறு குழுவாகும். அவ்வெண்மருக்கும் ஒரே தோற்கூடாரம். மாவரைக்க ஒரு திரிகை. சுமை தாங்க ஒரு கோவேறு கழுதை. உடனுண்டு உடனுறங்கிய தோழரைப் போர்க்களத்தில் கைவிட எவர்க்குத்தான் மனம் வரும்?

இத்தகைய குழுக்கள் பத்துச் சேர்ந்தது நூற்றுவர் அணி. பெயர்தான் நூற்றுவர், இருந்தோர் எண்பதின்மரே! அவ்வணிகள் ஆறு கூடியது ‘கோகார்ட்டு’. கோகார்ட்டுகள் பத்துக் கூடியது ‘லீஜியன்’ என்னும் பெரும்படை. அதில் ஏறத்தாழ 5,000 வீரர் இருந்தனர்.

படையின் ஒழுங்கைக் காத்தவன் நூற்றுவர் தலைவன். அவன் ஏந்திய திராட்சைக் கொடிக்கோல் அதிகாரச் சின்னம் மட்டுமன்று. தவறிழைத்த வீரரின் முதுகிலும் அது விழும். லூசிலியஸ் என்னும் தலைவன் கோல் முறியும்வரை அடிப்பான். முறிந்ததும், உரத்த குரலில் வேறொன்று கேட்பான். ஆதலின் வீரர் அவனுக்கு ‘இன்னொன்று கொண்டு வா’ என்றே பட்டப்பெயர் சூட்டினர். கி.பி. 14-இல், ஊதியக் குறைவாலும் பணிக்காலம் முடிவின்றி நீண்டமையாலும் மனங்கொதித்த பன்னோனியா நாட்டுப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். அப்போது அவர்கள் கையால் லூசிலியஸ் மாண்டான். இச்செய்தியைத் தாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார்.