அறிந்தபடியே துயிலும் மனம்

திருவரங்கத்தில் அரவணைமேல் பள்ளிகொண்டருளும் பெருமாளின் திருக்கோலத்தை அறிதுயில் என்பர் பெரியோர். கண்வளர்வது போல் தோன்றினும் உலகனைத்தையும் அறிந்தருளும் யோகநித்திரை அது. மருத்துவர்கள் கையாளும் ஹிப்னாடிசம் என்னும் முறைக்கும் தமிழில் அறிதுயில் என்றே பெயர் வழங்குகிறது. பகவானின் யோகநித்திரையோடு மனித மனத்தின் இந்நிலையை ஒப்பிடல் தகாது. ஆயினும் அச்சொல் எத்துணைப் பொருத்தமானது என்பதை மூளையின் மின்னலைகள் உணர்த்துகின்றன.

ஸ்காட்லாந்தில் பிறந்து மான்செஸ்டர் நகரில் மருத்துவம் புரிந்த ஜேம்ஸ் பிரெய்டு, 1843-ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட நூலில், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இந்நிலைக்குப் பெயரிட்டார். பின்னர், இது உறக்கம் அன்று, ஒரே எண்ணத்தில் மனம் குவிவதே என்று தெளிந்து, பெயரை மாற்றவும் முயன்றார். பழைய பெயரே நிலைத்துவிட்டது.

அவர் கருத்தைச் சோதிக்கும் கருவி பிற்காலத்தில் வந்தது. ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். தலையின்மேல் வைக்கும் சிறு தகடுகள், ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பங்கே ஆன மின்னசைவையும் கோடுகளாக வரைந்து காட்டும்.

ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு 4-க்கும் குறைவான, பெரிய, மந்தமான அலைகள் எழும். விழித்தபடியே கண்மூடி அமைதியாக அமர்ந்திருப்பவரிடம் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலைகள் தோன்றும். அறிதுயிலில் ஆழ்ந்தவரிடம் காணப்படுவது உறக்கத்தின் கோலம் அன்று, விழிப்பின் கோலமே. நொடிக்கு 4 முதல் 8 வரையிலான தீட்டா அலைகள் மிகுவதையும் ஆய்வாளர் பலர் கண்டனர். எனினும், அறிதுயிலுக்கே உரிய தனி அலை என ஒன்றும் இல்லை.

இதனினும் வியப்புக்குரியது யோகியரின் நிலை. புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. ஆனந்தும் அவர்தம் குழுவினரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், யோகியர் இருவர் 4 டிகிரி குளிர்நீரில் 45 நிமிடங்களுக்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைத்திருந்தனர். அப்போதும் அவர்களுடைய ஆல்ஃபா அலைகள் கலையவில்லை. அறிதுயிலில் மருத்துவரின் சொல் மனத்துக்கு ஊன்றுகோல். யோகிக்கோ தம் நெடுநாள் சாதனையே துணை.

பல் சிகிச்சைக்கும் தீராத மூட்டுவலிக்கும் அறிதுயிலைப் பரிந்துரைத்தால், "என் சுயநினைவு பிறர் வசமாகிவிடுமோ?" என்று முதியோர் கலங்குவதுண்டு. அவ்வாறு அஞ்ச வேண்டுவதில்லை. அந்நிலையிலும் மனம் கேட்கிறது, அறிகிறது. முறையாகப் பயின்ற மருத்துவரையே நாட வேண்டும் என்பது ஒன்றே கருத்தில் கொள்ளத்தக்கது. வலியை மனம் பற்றும் பிடி தளர்ந்தால், வேதனையும் பெரிதும் தணியக்கூடும்.