கேமரா முன் காதலித்த கவின், கல்யாணத்தை மட்டும் சத்தமில்லாமல் அறிவித்தது ஏன்? - ‘வேட்டையன்’ முதல் ‘கிஸ்’ வரை!

2019. பிக் பாஸ் மூன்றாவது சீசன். போட்டியாளர்களின் குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டுக்குள் வந்துபோகும் வாரம் அது. கவினைப் பார்க்க வந்தவர் அவருடைய நண்பர் பிரதீப் ஆண்டனி. எல்லோரும் கட்டிப்பிடித்து அழும் காட்சியை எதிர்பார்த்துக் காத்திருக்க, கவின் கன்னத்தில் ‘பளார்’ என்று ஓர் அறை விட்டார் பிரதீப். உள்ளே இத்தனை நாள் நடந்ததுக்கெல்லாம் சேர்த்து ஒரே அறை. தமிழ்நாடே பார்த்தது.

கட் பண்ணினால், 2023 பிப்ரவரி. தியேட்டர்களில் ‘டாடா’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஹீரோ கவின். படத்தில் அவருடன் நடித்தவர்களில் ஒருவர் அதே பிரதீப்.

இந்த நாலு வருட இடைவெளியில்தான் கவினின் கதை இருக்கிறது. சின்னத்திரையில் காதல் நாயகனாகப் பெயர் வாங்கியவர், ரியாலிட்டி ஷோவில் காதலாலேயே பஞ்சாயத்துக்கு ஆளானவர், பிறகு ‘காதலுக்குப் பிறகு என்ன?’ என்று கேட்கும் கதைகளாகத் தேடிப் பிடித்து நடிப்பவர். எப்படி நடந்தது இந்த மாற்றம்?

திருச்சிப் பையன்

1990-ல் திருச்சியில் பிறந்தவர் கவின். பள்ளிப் படிப்பு திருச்சி கேம்பியன் பள்ளியில். கல்லூரிக்குச் சென்னை லயோலா. சினிமாக் குடும்பப் பின்னணி எதுவும் கிடையாது. சென்னைக்குப் படிக்க வந்து, கேமராவைத் தேடிப் போன எத்தனையோ பேரில் ஒருவர்.

முதல் பெரிய வாய்ப்பு விஜய் டிவியில் கிடைத்தது. பள்ளிக்கூடக் கதையாகத் தொடங்கி ஹிட்டான ‘கனா காணும் காலங்கள்’ தொடரின் கல்லூரி வெர்ஷனான ‘கல்லூரியின் கதை’யில் 2011-ல் அறிமுகமானார். அடுத்து ‘தாயுமானவன்’. இடையில் ‘பீட்சா’, ‘இன்று நேற்று நாளை’ போன்ற படங்களில் வந்துபோகும் சின்னச் சின்ன வேடங்கள். அந்தப் படங்களை இப்போது திரும்பப் பார்த்தால், ‘அட, இது நம்ம கவின்ல!’ என்று தோன்றும்.

வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுசேர்த்தது ‘சரவணன் மீனாட்சி’ இரண்டாவது சீசன். ரச்சிதா மகாலட்சுமியின் ஜோடியாக ‘வேட்டையன்’ என்ற கதாபாத்திரத்தில் வந்தார்.

திரையில் ஜோடின்னா நிஜத்திலும் ஜோடியா?

இங்கே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் அவசியம். ‘சரவணன் மீனாட்சி’ முதல் சீசனில் ஜோடியாக நடித்தவர்கள் மிர்ச்சி செந்தில், ஸ்ரீஜா. 2014-ல் இருவரும் நிஜத்திலேயே திருமணம் செய்துகொண்டார்கள். ரசிகர்களுக்கு இது தங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி. பின்னால் ‘ராஜா ராணி’ ஜோடி சஞ்சீவ், ஆல்யா மானசா விஷயத்திலும் இதே நடந்தது.

வாரம் அஞ்சு நாள், வருடக்கணக்கில் ஒரே ஜோடியைப் பார்க்கிறார்கள் மக்கள். நடிகரின் பெயரைவிட கதாபாத்திரத்தின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ‘இவங்க ரெண்டு பேரும் நிஜத்துலயும் சேர்ந்தா நல்லாருக்கும்ல’ என்ற ஆசை அப்படித்தான் முளைக்கிறது. சின்னத்திரை நடிகரின் காதல் அவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. பார்வையாளர்களும் அதில் பங்கு கேட்பார்கள்.

இந்தப் பங்கு கேட்பது எந்த அளவுக்குப் போகும் என்பதைக் கவின் 2019-ல் நேரடியாகவே பார்த்தார்.

கவிலியா எனும் புயல்

கவின் கதாநாயகனாக நடித்த முதல் படம் ‘நட்புனா என்னானு தெரியுமா’. தாமதமாகி, 2019 மே மாதம் வெளியானது. பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த மாதமே பிக் பாஸ் வீட்டுக்குள் நுழைந்தார்.

தொடக்கத்தில் சாக்‌ஷி அகர்வாலுடன் நெருக்கம், பிறகு மனக்கசப்பு. அதன்பின் இலங்கையிலிருந்து வந்த செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவுடன் நட்பு, காதல். இருவரின் பெயரையும் சேர்த்து ரசிகர்கள் வைத்த பெயர்தான் ‘கவிலியா’. ஒரு பக்கம் ஆர்மிகள், இன்னொரு பக்கம் திட்டித் தீர்த்தவர்கள். சோஷியல் மீடியாவில் தினமும் சண்டை.

இந்த நிகழ்ச்சி எப்படி இயங்குகிறது என்று யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 24 மணி நேரமும் கேமரா ஓடும். ஆனால், டிவியில் நமக்குக் காட்டப்படுவது அதில் ஒரு சின்னப் பகுதிதான். எதை வெட்டுவது, எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பது உள்ளே இருப்பவர்கள் அல்ல. காதல் என்றால் புரொமோ நிச்சயம். புரொமோ என்றால் பேச்சு. பேச்சு என்றால் ஓட்டு. அதனால், ‘இது நிஜமா, கேமுக்கா?’ என்ற சந்தேகம் அந்த வீட்டுக்குள் பூக்கும் எல்லாக் காதலையும் துரத்தும். நிஜமாகவே இருந்தாலும் நிரூபிக்க வழியில்லை.

அந்த சீசனில் லாஸ்லியாவின் அப்பா வீட்டுக்குள் வந்த காட்சி பலருக்கு இன்றும் மறந்திருக்காது. பல வருடங்கள் கழித்து மகளை நேரில் பார்க்கிறார். அந்த முதல் சந்திப்பே கோபமும் கண்ணீருமாக, கேமராக்களின் முன்னால் நடந்தது. ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம், பிரைம் டைமில் ஊருக்கே ஒளிபரப்பானது. கவினுக்குப் பிரதீப் கொடுத்த அறையும் அப்படித்தான். தனியாகச் சொல்லியிருக்க வேண்டிய புத்திமதி, பின்னணி இசையோடு வந்தது.

இறுதிப் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, 5 லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டு கவின் வெளியேறினார். முகென் ராவ் பட்டம் வென்றார். சாண்டி இரண்டாமிடம், லாஸ்லியா மூன்றாமிடம். நிகழ்ச்சி முடிந்த பிறகு கவினும் லாஸ்லியாவும் அவரவர் வழியில் நகர்ந்துவிட்டார்கள். கவிலியா ரசிகர்கள் மட்டும் எடிட் வீடியோக்களோடு ரொம்ப நாள் காத்திருந்தார்கள்.

ஹீரோவிலிருந்து உதவி இயக்குநர்

இவ்வளவு பிரபலம் ஆன பிறகு என்ன செய்வார்கள்? கிடைத்த சூட்டோடு நாலைந்து படங்களில் கையெழுத்து போடுவார்கள். கவின், நெல்சன் இயக்கிய ‘டாக்டர்’ படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். நெல்சனும் விஜய் டிவியிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்தான். ‘சீரியல் ஹீரோ’ என்ற முத்திரை குத்தப்பட்டவர், கேமராவுக்குப் பின்னால் நின்று மறுபடி தொழில் படித்தார்.

2021-ல் ஓடிடியில் ‘லிஃப்ட்’ வந்தது. ஒரே ராத்திரி, ஒரு ஐடி அலுவலகம், வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும் ஊழியர். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு லிஃப்டைப் பார்த்தாலே கொஞ்ச நாள் உதறியது. பேய்ப் படம்தான் என்றாலும், ‘இவர் ஒரு படத்தைத் தாங்குவார்’ என்று நம்பிக்கை கொடுத்தது அதுதான்.

‘ஐ லவ் யூ’வுக்குப் பிறகு...

காதலைப் பற்றி கவினின் பார்வை என்ன? பேட்டிகளில் தேடுவதைவிட, 2022-லிருந்து அவர் நடித்த கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு பதில் கிடைக்கிறது.

‘ஆகாஷ் வாணி’ (2022): ஆஹா தளத்தில் வந்த வெப் சீரிஸ். கல்லூரியில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி, விவாகரத்தின் வாசலில் நிற்கிறது. வழக்கமான படத்தில் சுபம் போடும் இடத்தைத் தாண்டித்தான் இந்தக் கதையே இருக்கிறது.

‘டாடா’ (2023): கணேஷ் கே.பாபு இயக்கம். படிக்கும்போதே காதலி சிந்து கர்ப்பமாகிறார். இரண்டு வீடும் கைவிடுகிறது. கையில் காசில்லை, குடி, சண்டை. குழந்தை பிறந்ததும் சிந்து காணாமல்போக, மணிகண்டன் தனியாளாகக் குழந்தையை வளர்க்கிறான். படம் வெளியானது பிப்ரவரி 10-ம் தேதி. காதலர் தினத்துக்குச் சரியாக நாலு நாள் முன்னாடி! ரோஜாவோடு தியேட்டருக்குப் போனவர்கள், டயப்பரும் பால் பாட்டிலும் பார்த்துவிட்டு வந்தார்கள். கவினின் கரியரைப் புரட்டிப்போட்ட படமும் இதுதான். சிந்துவின் பக்கக் கதை இன்னும் கொஞ்சம் சொல்லப்பட்டிருக்கலாம் என்ற குறை உண்டு. ஆனாலும், பொறுப்பில்லாத காதலன் பொறுப்புள்ள அப்பாவாக மாறுவதைக் கவின் நம்பும்படி நடித்திருந்தார்.

‘ஸ்டார்’ (2024): இளன் இயக்கம், யுவன் இசை. நடிகனாகும் கனவோடு இருக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பையன் கலை. கனவுக்கும் குடும்பத்துக்கும் இடையில் திணறும் அவனுடைய கல்யாண வாழ்க்கையையும் படம் பேசியது. அவனுடைய லட்சியத்துக்கு மனைவி கொடுக்கும் விலை என்ன என்ற கேள்வி படம் முடிந்தும் உறுத்தும். விமர்சனங்கள் கலவைதான்.

‘கிஸ்’ (2025): நடன இயக்குநர் சதீஷ் கிருஷ்ணன் இயக்குநரான படம். ஜோடிகள் முத்தமிடுவதைப் பார்த்தால் அவர்களின் எதிர்காலம் ஹீரோவுக்குத் தெரிந்துவிடும். காதல் என்றாலே ஆகாத ஹீரோ வேறு.

எல்லாக் கதையும் காதல்தான். ஆனால், எதுவுமே ‘ஐ லவ் யூ’ சொல்வதோடு முடிவதில்லை. வாடகை யார் கட்டுவது, குழந்தையை யார் பார்ப்பது, யாருடைய கனவு முதலில்? முப்பதை நெருங்கும், தாண்டும் ஜோடிகள் சனி, ஞாயிறுகளில் நிஜமாகச் சண்டை போடும் விஷயங்கள் இவை.

இந்த முறை கேமரா இல்லை

2023 ஆகஸ்ட் மாதம் கவினுக்குத் திருமணம். மணமகள், அவருடைய நீண்டகாலத் தோழி. சினிமாத் துறையைச் சேர்ந்தவர் அல்ல. ‘கவினுக்குக் கல்யாணமாம்’ என்று செய்தி வரும்வரை, அந்தக் காதலுக்கு ஹேஷ்டேக் இல்லை, ஆர்மி இல்லை, புரொமோ இல்லை. ஒரு காலத்தில் நூறு நாள் காதலை ஊரே பார்த்தது. வாழ்நாள் முழுக்க நிலைக்க வேண்டிய காதலை, முடிவான பிறகுதான் ஊருக்குச் சொன்னார்.

இதில் கவினுக்கு மட்டுமான பாடம் எதுவும் இல்லை. காதலித்தால் ஸ்டோரி, பிரேக்-அப் ஆனால் ஸ்டேட்டஸ், சமாதானம் ஆனால் ரீல்ஸ் என்று நாமும் ஒரு சின்ன பிக் பாஸ் வீட்டுக்குள்தான் இருக்கிறோம். லைக் போட்டவர்கள் எல்லோரும் நம் காதலில் பங்குதாரர்கள் ஆகிவிடுகிறார்கள். அது முறிந்தால், காரணம் சொல்ல வேண்டிய கடன் நம் தலையில் ஏறுகிறது.

அதற்குப் பிறகும் கவினின் பயணம் ஏற்ற இறக்கங்களோடுதான் போகிறது. நெல்சன் தயாரித்த ‘பிளடி பெக்கர்’ எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. 2025 நவம்பரில் ஆண்ட்ரியாவுடன் ‘மாஸ்க்’ வந்தது. ஒரு படம் ஓடும், ஒரு படம் ஓடாது.

‘கிஸ்’ படத்தின் ஹீரோவுக்கு ஒரு ஜோடியைப் பார்த்ததுமே அவர்களின் முடிவு தெரிந்துவிடும். 2019-ல் டிவி முன்னால் உட்கார்ந்து, ‘இது சேரும், இது சேராது’ என்று தீர்ப்பு எழுதிய நமக்கும் அந்த சக்தி இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டோம். கடைசியில், கவின் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார் என்பது நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை.