காட்சிக் களஞ்சியம்

ஆற்றில் ஓடும் நீர் எவர் பொருட்டும் நில்லாது. உழவன் உழுது முடிக்கட்டும் என்று அது காத்திருப்பதில்லை. ஆனால் ஏரி வெட்டிக் கரை கட்டி மதகு அமைத்தவனுக்கு அந்நீரே வேண்டும்பொழுது வேண்டும் அளவு பயன்படுகின்றது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஓடும் நீரை ஒத்ததே. நிலையத்தார் குறித்த நேரத்தில் நிகழ்ச்சி வரும். நாம் இருந்தால் காணலாம். இல்லையேல் அது போய்விடும். இந்த ஓட்டத்துக்குக் கரை கட்ட அறிவியலார் பல ஆண்டுகள் முயன்றனர். அம்முயற்சியில் வீட்டிலுள்ள சிறு கணிப்பொறி ஒன்று எத்தகைய இடத்தைப் பெறும் என்று மக்கள் கருதினர், பின்னர் நிகழ்ந்தது யாது, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஒளிபரப்பைக் காந்த நாடாவில் பதியும் முறையை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டினர். அக்கருவி ஓர் அலமாரி போன்று பெரிது. அதன் நாடா இரண்டு அங்குல அகலமுடையது. விலையோ ஏறத்தாழ 50,000 டாலர். ஆதலால் ஒளிபரப்பு நிலையங்களே அதனை வாங்க இயன்றது. அமெரிக்காவின் கீழ்க்கரையில் மாலை மணி ஆறு ஆகும்பொழுது மேற்கரையில் மணி மூன்றே ஆகும். நியூயார்க்கில் மாலையில் படிக்கப்படும் செய்தி, மேற்கரை மக்கள் அலுவலில் இருக்கும் நேரத்தில் சென்றடைந்தால் யாருக்குப் பயன்? அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனத்தார் நியூயார்க்குச் செய்தியை ஹாலிவுட்டில் நாடாவில் பதிந்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்கரைக்கு ஒளிபரப்பினர். அன்று காலம் காத்து நின்றது எனலாம்.

நிலையத்துக்கு உரியதாக இருந்த இவ்வாற்றல் 1975-ஆம் ஆண்டில் வீட்டுக்கு வந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் என்னும் வீட்டுப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டிலேயே ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். முறை அதற்குப் போட்டியாக எழுந்தது. திரைப்பட நிறுவனங்கள் சில இதனைக் கண்டு அஞ்சின. 'எங்கள் படைப்பை எங்கள் இசைவின்றிப் படியெடுத்தல் முறையன்று' என்று யூனிவர்சல், டிஸ்னி ஆகிய இரண்டும் 1976-இல் சோனிமீது வழக்குத் தொடுத்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைத் தன் வீட்டில் பதிந்து, தனக்கு ஏற்ற வேறு நேரத்தில் காண்பது குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர். ஒரே ஒருவரின் கருத்து மாறியிருப்பின் இவ்வரலாறே வேறு வழியில் சென்றிருக்கும்.

நாடாவுக்குக் குறைகள் பல உண்டு. தொடக்கத்திலுள்ள காட்சியைக் காண வேண்டுமாயின் முழுவதையும் சுற்ற வேண்டும். பதியும்பொழுது அதே நாடாவில் முன்பு பதிந்ததைக் காண இயலாது. இக்குறைகளை நீக்கியது வன்தட்டு. சுழலும் தட்டின்மீது எழுதும் முனை எவ்விடத்துக்கும் நொடிப்பொழுதில் தாவ வல்லது. ஆதலால் ஓரிடத்தில் எழுதிக்கொண்டே மற்றோரிடத்தில் எழுதியதைப் படிக்கவும் இயலும். இத்திறத்தைக் கொண்டு 1999-ஆம் ஆண்டு டிவோ, ரீப்ளே டிவி என்னும் இரு கருவிகள் அமெரிக்காவில் வெளிவந்தன. நிகழ்ச்சியைக் கண்டுகொண்டிருக்கும்பொழுது வாயிலில் யாரோ அழைக்கின்றனர் என்று கொள்வோம். பொத்தானை அழுத்தினால் காட்சி அப்படியே நிற்கும். ஒளிபரப்போ நிற்கவில்லை, வன்தட்டு அதனை வாங்கி எழுதிக்கொண்டே இருக்கின்றது. நாம் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏரிக்கு ஒருபுறம் வாய்க்கால் நீரைக் கொணர, மறுபுறம் மதகு நீரைத் திறந்துவிடுவது போன்றதே இச்செயல்.

டிவோவின் உள்ளே இருந்தது ஒரு கணிப்பொறியே. செயலி, நினைவகம், வன்தட்டு, லினக்ஸ் என்னும் இயக்க நிரல் ஆகியன யாவும் அதனுள் அமைந்திருந்தன. இதனை அறிந்தோர் உள்ளத்தில் இயல்பாகவே ஒரு வினா எழுந்தது. 'பதிவுக் கருவி கணிப்பொறியாக இருக்கக்கூடுமாயின், கணிப்பொறி ஏன் பதிவுக் கருவியாக இருத்தல் கூடாது?' என்பதே அவ்வினா. 2002-ஆம் ஆண்டளவில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தொலைக்காட்சி பதியும் வசதியுடன் விண்டோஸின் ஒரு வகையை வெளியிட்டது. ஆர்வலர் கூடி மித் டிவி என்னும் கட்டற்ற நிரலையும் ஆக்கத் தொடங்கினர். ஆயினும் அக்காலக் கணிப்பொறிகள் பல பெரிய பெட்டிகள். விசிறியின் இரைச்சல் மிக்கவை. கூடத்தில் தொலைக்காட்சியின் அருகே வைக்க எவரும் விரும்பார்.

இந்நிலையில் 2005-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் மினி என்னும் சிறு கணிப்பொறியை அறிமுகம் செய்தார். பக்கத்துக்கு ஆறரை அங்குலமாக அமைந்த சதுரப் பெட்டி அது. உயரம் இரண்டே அங்குலம். விலை 499 டாலர் முதல். திரையும் விசைப்பலகையும் அதனுடன் தரப்படவில்லை. வாங்குவோர் தம்மிடம் உள்ளவற்றையே இணைத்துக்கொள்ளலாம் என்றனர். இதனைக் கண்ட பலர், 'இது மேசைக்கு வந்த பொருளன்று. தொலைக்காட்சியின் கீழே அமரப் பிறந்தது. நாளை இதுவே நம் வீட்டுப் பதிவுக் கருவியாகும்' என்று கருதலாயினர்.

அளவை நூலார் அறிவு பெறும் வழிகளுள் காட்சி, கருதல் என்பவற்றைக் கூறுவர். நேரே காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என உணர்வது கருதல். சிறிய உருவம், குறைந்த ஓசை, எளிய விலை என்னும் புகையைக் கண்டு பதிவுக் கருவி என்னும் நெருப்பை மக்கள் உணர்ந்தனர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்று ஆராய்வோம்.

முதற்கண் இடத்தைக் கணக்கிடுவோம். அமெரிக்காவில் அந்நாளில் வழங்கிய பழைய தரத்துத் தொலைக்காட்சிப் படத்தை எண்ணிம வடிவில் எழுதும்பொழுது, ஒரு படத்தைக் குறுக்கே 720, நெடுக 480 புள்ளிகளாகப் பகுப்பர். பெருக்கினால் 3,45,600 புள்ளிகள் ஆகும். புள்ளிக்கு 2 பைட் என்றும் நொடிக்கு 30 படம் என்றும் கொண்டால், ஒரு நொடிக்கு இரண்டு கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் ஆகும். மேக் மினியின் சிறிய வகையிலிருந்த வன்தட்டோ 40 கிகாபைட் மட்டுமே. அரைமணி நேரத்தில் அது நிரம்பிவிடும்!

ஆயின் பதிவது எங்ஙனம்? இங்கேதான் சுருக்கும் முறை துணை வருகின்றது. செய்தி படிப்பவர் பேசும்பொழுது அவர் உதடும் கண்ணும் அசைகின்றன. பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. அச்சுவரை நொடிக்கு முப்பது முறை எழுதுவானேன்? ஒருமுறை எழுதிவிட்டு, பின்வரும் படங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதினாற் போதும். எம்பெக்-2 என்னும் முறை இவ்வாறே சுருக்குகின்றது. இதனால் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறத்தாழ 2 கிகாபைட்டில் அடங்கும். 40 கிகாபைட்டில் இருபது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய எழுதலாம். உயர்தர எண்ணிம ஒளிபரப்பாயின் மணிக்கு 8 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். அப்பொழுது ஐந்து மணி நேரத்துக்குக்கூட அவ்விடம் போதாது. களஞ்சியம் சிறிது, விளைச்சல் பெரிது. எனினும் வெளியே மற்றொரு வன்தட்டை இணைத்து இக்குறையைப் போக்கலாம்.

அடுத்த குறை, ஒளிபரப்பை வாங்கும் உறுப்பு இன்மை. பல நிலையங்களின் அலைகளுள் வேண்டியதைத் தேர்ந்து வாங்கும் உறுப்பை டியூனர் என்பர். மேக் மினியில் அது இல்லை. ஜெர்மனியின் எல்காட்டோ நிறுவனம் ஐ டிவி என்னும் சிறு கருவியால் அக்குறையை நிறைத்தது. அதனை இணைத்துக்கொண்டோர் தம் சிறு கணிப்பொறியில் மெய்யாகவே தொலைக்காட்சியைப் பதிந்தனர். ஆகவே 'இயலும்' என்று மக்கள் கருதியது பிழையன்று.

தடை வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. எண்ணிம ஒளிபரப்பினுள் ஓர் அடையாளத்தை வைத்து, அதனைக் கண்ட கருவிகள் படியெடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசின் தொடர்பு ஆணையம் 2003-ஆம் ஆண்டு நவம்பரில் விதி வகுத்தது. அவ்வடையாளத்தை ஒளிபரப்புக் கொடி என்றனர். 2005 சூலை முதல் அவ்விதி நடைமுறைக்கு வர இருந்தது. அதனை எதிர்த்து வழக்காடியவர்களுள் முன்னின்றோர் யாவர் தெரியுமா? நூலகத்தார்! அமெரிக்க நூலகச் சங்கமும் பிறரும் தொடுத்த அவ்வழக்கில், இத்தகைய விதி வகுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2005 மே மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்த்து வைப்பதன் அருமையை நூலகத்தார் நன்கு அறிவர் அன்றோ!

இனி, நிகழ்ந்ததைக் காண்போம். 2006-ஆம் ஆண்டு வந்த மேக் மினியுடன் தொலைவிலிருந்து இயக்கும் சிறு கருவியும் தரப்பட்டது. ஆயினும் டியூனர் சேர்க்கப்படவில்லை. 2007-ஆம் ஆண்டு ஆப்பிள் டிவி என்னும் தனிப் பெட்டி வந்தது. அதனுள் வன்தட்டு இருந்தும் ஒளிபரப்பைப் பதியும் வசதி இல்லை; அந்நிறுவனத்தின் கடையில் வாங்கியவற்றையும் கணிப்பொறியில் உள்ளவற்றையும் காட்டுவதே அதன் தொழில். 2010-ஆம் ஆண்டில் வந்த அடுத்த வகையில் வன்தட்டே நீக்கப்பட்டது. அதற்குள் நெட்பிளிக்ஸ் முதலியோர் இணையத்தின் வழியே காட்சிகளை அனுப்பத் தொடங்கிவிட்டனர். ஏரி வீட்டிலிருந்து அகன்று நிறுவனத்தாரின் வளாகத்துக்குச் சென்றது. வீட்டில் குழாய் மட்டும் எஞ்சியது. இயலும் என்பது வேறு. இயற்றுவர் என்பது வேறு. கருவியின் ஆற்றலைக் கண்ட மக்கள், அதனை ஆக்குவோரின் கருத்தைக் காணாது விட்டனர். அவர்கள் கருதியதில் நேர்ந்த பிழை இதுவே.

'இதனால் இழப்பு என்ன? வேண்டும்பொழுது காண்பதுதானே நம் விருப்பம்? அது நிறைவேறிவிட்டதே!' என்று நீங்கள் வினவலாம். வேண்டும்பொழுது காண்பது ஒன்று. வேண்டியதைக் காத்து வைப்பது மற்றொன்று. முன்னது கிடைத்தது, பின்னது நம் கையை விட்டு நழுவியது. வில்லோ என்னும் தொடரை டிஸ்னி நிறுவனம் 2022 நவம்பரில் இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் அதனை நீக்கிவிட்டது. திருப்பிய குழாயில் நீர் வராதபொழுதுதான் ஏரி நமதன்று என்பது விளங்குகின்றது.

படைத்த நிறுவனத்தாரே படைப்பைக் காப்பர் என்று நம்பியிருத்தலும் தகாது. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1960-களில் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகள் பலவற்றின் நாடாக்களை அழித்தது. நாடா விலை மிக்கது, மீண்டும் பயன்படும், பழைய நிகழ்ச்சியை இனி யார் காண்பர் என்பது அவர்தம் எண்ணம். 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ என்னும் புகழ்பெற்ற தொடரின் பகுதிகள் பல அவ்வாறு மறைந்தன. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் இன்றும் கேட்கின்றது. எவ்வாறு? தொலைக்காட்சியின் ஒலியை வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்த எளிய அன்பர் சிலரால்! நிறுவனம் இழந்ததை வீடு காத்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார். முன்னர் நூலகராகப் பணியாற்றியவர். 1970-களின் இறுதி முதல் 2012-ஆம் ஆண்டில் மறையும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை அவர் இரவும் பகலும் இடையறாது பதிந்தார். அவர் சேர்த்த நாடாக்கள் ஏறத்தாழ 70,000. அண்டை அயலார் வியந்திருக்கலாம், நகைத்துமிருக்கலாம். இன்று அந்நாடாக்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் எண்ணிம நூலகத்தின் காப்பில் உள்ளன. ஒரு காலத்தில் உலகுக்கு என்ன கூறப்பட்டது என்பதை ஆராய்வோர்க்கு அவை பெருஞ்செல்வமாகும்.

மாணவர்களே! பிறர் உழைப்பைப் படியெடுத்து விற்றல் அறமன்று. படைத்தோர்க்குரிய ஊதியம் அவர்க்குச் சென்று சேரவேண்டும். இதனை மறவாதீர்கள். அதே வேளையில், ஒரு சமுதாயத்தின் நினைவு முழுவதையும் ஒருவர் கையிலுள்ள ஒரே பூட்டில் வைத்தல் அறிவுடைமையன்று என்பதையும் மறவாதீர்கள். விதைநெல்லை ஊரார் ஒரே குதிரில் இட்டு வைப்பதில்லை. வீட்டுக்கு ஒரு கோட்டையாகக் காத்து வைப்பர். ஒரு வீட்டில் பூச்சி அரித்தாலும் மற்றொரு வீட்டில் விதை எஞ்சும். தொலைக்காட்சியின் கீழே அமர இருந்த அச்சிறு பெட்டியைக் குறித்து மக்கள் கண்ட கனவு முழுவதும் பலிக்கவில்லை. ஆயினும் அக்கனவின் உள்ளே இருந்த விருப்பம் நல்விருப்பமே. போற்றத்தக்க ஒன்றைக் காணும்பொழுது, 'இதனைக் காப்பவர் யார்?' என்று ஒருமுறை வினவுங்கள். காக்கும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு.