பைக்குக்கு டோக்கன் உண்டு... சைக்கிளுக்கு? வியர்வையோடு வேலைக்கு வருபவர்களின் கதை!

"தம்பி, சைக்கிளை எல்லாம் உள்ளே விடக் கூடாது. வெளிய மரத்தடியில நிறுத்திட்டு வாங்க!"

சென்னையில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில் கேட்ட வார்த்தைகள் இவை. பைக் சர்வீஸுக்குப் போயிருந்ததால், 'ஒரு வாரம் சைக்கிளில் போகலாமே' என்று கிளம்பியிருந்தேன். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். டிராஃபிக்கைச் சமாளித்துவிட்டேன், மேம்பாலத்தையும் ஏறிவிட்டேன். பிரச்னை ஆரம்பித்தது அலுவலக வாசலில்தான்.

பார்க்கிங்கில் காருக்குக் கோடு போட்ட இடம் இருக்கிறது. பைக்குக்கு டோக்கன் இருக்கிறது. சைக்கிளுக்கு இரண்டுமே இல்லை. மரத்தடியில் பூட்டிவிட்டு லிஃப்ட்டில் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளிக்க இடம் கிடையாது. வாஷ்பேசினில் முகம் கழுவி, கழிவறைக்குள் ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றினேன். ஈரச்சட்டையைக் காயப்போட வழியில்லாமல் கவரில் சுருட்டி, டேபிளுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அந்தக் கவரைத் திறந்தபோது வந்த வாசனை இருக்கிறதே... வேண்டாம், விட்டுவிடுவோம்!

எனக்கு இது ஒரு வாரத்து அவஸ்தை. வருடம் முழுக்க இப்படி வருபவர்களுக்கு?

ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால்...

இரண்டாம் நாள், ஹவுஸ் கீப்பிங் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "மரத்தடியில விடாத தம்பி, காக்கா எச்சம் போட்டு வைக்கும். ஜெனரேட்டர் ரூம் பின்னாடி வா."

அங்கே ஒரே தண்ணீர்க் குழாயோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்ட ஆறு சைக்கிள்கள். ஹவுஸ் கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி ஊழியர்களுடையவை. 'இந்தக் கட்டடத்தில் யாருமே சைக்கிளில் வருவதில்லை' என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் வருகிறார்கள். என் கண்ணில்தான் படவில்லை. வியர்வையோடு வரும் அந்த அக்காக்கள் யூனிஃபார்ம் மாற்றுவது, துடைப்பமும் மாப்பும் வைக்கும் சின்ன அறையில். அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள்கூட இல்லை. ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் வெளியே காவல் நிற்கிறார்.

ஏழாவதாக ஒரு சைக்கிளும் அங்கே இருந்ததாம். அது நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி அண்ணனுடையது. ஒருநாள் காலையில் காணவில்லை. கட்டட நிர்வாகத்திடம் கேட்டதற்கு வந்த பதில், "டோக்கன் இருக்கா?" கொடுக்காத டோக்கனை அவர் எங்கிருந்து காட்டுவார்? இப்போது வரும்போது ஷேர் ஆட்டோ. காலையில் வீட்டுக்குப் போகும்போது நடை. "சைக்கிள் இருந்தப்ப போக வர்றதுக்குன்னு தனியா செலவே கிடையாது தம்பி" என்கிறார். ராத்திரி முழுக்க அத்தனை பேரின் வண்டிகளுக்கும் காவல் இருப்பவர் அவர்.

சைக்கிளில் யார் வருகிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 'வேலைக்கு எதில் போகிறீர்கள்?' என்ற கேள்வியும் இருந்தது. விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த மற்ற வேலைகளைச் செய்பவர்களில் சுமார் 13 சதவிகிதம் பேர் 'சைக்கிள்' என்று பதில் சொன்னார்கள். மொபட், ஸ்கூட்டர், பைக்கில் போனவர்களின் பங்கும் அன்று கிட்டத்தட்ட அதே அளவுதான். அதன் பிறகு சாலையில் பைக்குகள் பெருகிவிட்டன. ஆனால், சைக்கிள்கள் மறைந்துவிடவில்லை.

ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்கும் மாநிலம் நம்முடையது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே தனிக்கொள்கை கொண்டுவந்தது. பள்ளிக்கூடம்வரை கௌரவமாக இருக்கும் சைக்கிள், வேலைக்குப் போனதும் மரத்தடிக்குப் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர்கள் கைகால் கழுவ வசதி வேண்டும், உடைகளை வைக்கவும் ஈர உடைகளை உலர்த்தவும் இடம் வேண்டும் என்பதையெல்லாம் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பேசியிருக்கிறது. 2020-ல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நல வசதிகளின் பட்டியலில் குளிக்கும் இடத்தையும் லாக்கர் அறையையும் சேர்த்திருக்கிறது. இவை சைக்கிளில் வருபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனால், அவர்களுக்குத் தேவையானவையும் இவைதான்.

'லீட்' என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழிலும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் ஷவர் அறைக்கும் மதிப்பெண் உண்டு. உங்கள் அலுவலக வரவேற்பறையில் அந்தச் சான்றிதழ் மாட்டியிருந்தால், ஷவர் அறை எங்கே என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்களேன்!

'இதற்கெல்லாமா கேட்பது?' என்று தயங்க வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தையே திருத்திய மாநிலம் இது.

என்ன செய்யலாம்?

* ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு சைக்கிள்களையாவது நிறுத்தலாம். அதற்கு மேலே கூரை வேண்டும்.
* முன்சக்கரத்தை மட்டும் செருகும் ஸ்டாண்டு போதாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதியைத் தூக்கிப்போய்விடுவார்கள். ஃபிரேமோடு சேர்த்துப் பூட்ட, தரையில் ஊன்றிய வளைந்த இரும்புக் குழாய் வேண்டும்.
* பைக்குக்குக் கொடுப்பதுபோல டோக்கன். இதற்குச் செலவே இல்லை.
* ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, தாழ்ப்பாள் உள்ள குளியலறை. ஷவர்கூட வேண்டாம், குழாய், பக்கெட், துணி மாட்ட நாலு கொக்கி போதும்.

நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து கட்டட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்தோம். குளியலறை பற்றி இதுவரை பதில் இல்லை. ஆனால், டோக்கன் வந்துவிட்டது. பழைய பைக் டோக்கனின் பின்பக்கம் பேனாவால் 'சை' என்று எழுதி, நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன் இப்போது செகண்ட் ஹேண்ட் சைக்கிள் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை உங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் கொஞ்சம் போய்ப் பாருங்கள். குழாயோடு சேர்த்துப் பூட்டிய சைக்கிள் ஏதாவது இருந்தால், அது யாருடையது என்று விசாரியுங்கள். அவருக்காக நீங்களும் ஒரு கையெழுத்துப் போடலாம்.