தெருவில் விழும் மழைக்கு மண் எங்கே?

கொடைக்கானல் மலைச்சரிவில் எலிவால் அருவியாக விழும் மஞ்சளாறு, நம் ஊர் தேவதானப்பட்டி அருகே அணையில் தேங்குகிறது. மலைத்தண்ணீரைப் பிடித்துவைக்க அணை கட்டினோம். ஊருக்குள் பெய்யும் மழைக்கு என்ன செய்திருக்கிறோம்? பேவர் பிளாக்கும் சிமென்ட் ரோடும் போட்டு, வாறுகாலில் விரட்டிவிடுகிறோம்.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள தெருவில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர்! ஐப்பசியில் இதை ஓடவிட்டுவிட்டு, சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது நியாயமா? இதற்கு ஒரு வழிதான் பசுமை உட்கட்டமைப்பு.

பசுமை உட்கட்டமைப்பு என்றால்?

மரம், மண், ஓடை, கண்மாய் ஆகியவற்றையும் ரோடு, குழாய் போலவே ஊரின் அடிப்படை வசதியாகக் கருதி, பணம் ஒதுக்கிப் பராமரிப்பது. 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. வீட்டு மாடிக்குச் செய்ததைத் தெருவுக்கும் செய்வதே அடுத்த படி.

எப்படிச் செய்வது?

தெருவோர வேம்பிலிருந்து தொடங்கலாம். அடிமரம்வரை சிமென்ட் பூசினால் வேருக்குக் காற்றும் போகாது, நீரும் போகாது. மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் சிமென்டைப் பெயர்த்தெடுக்கும்படி 2013இல் டெல்லிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த வட்டத்தை ரோட்டைவிட அரை அடி தாழ்த்தி, ஓரக்கல்லில் ஒரு வாய் விட்டால், தெருத் தண்ணீர் தானே வந்து இறங்கும். இடம் இருந்தால் அடியில் ஜல்லி, மேலே மணல் கலந்த மண், அதில் வெட்டிவேர் என்று நீளமான பள்ளமாகவே அமைக்கலாம். சாக்கடை அதில் கலக்கக் கூடாது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கொசு வராதா?

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சரியாக அமைத்த பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாளுக்குள் வற்றிவிடும். குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

பெரிய ஊர்களுக்கு மட்டுமா?

சிங்கப்பூர், பீஷான் பூங்காவை ஒட்டிய கல்லாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012இல் புல்லும் மண்ணும் கரையாக உள்ள ஆறாக மாற்றியது. தேவதானப்பட்டிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. நம்மிடம் கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வரத்து வாய்க்கால்களில் ஆக்கிரமிப்பும் குப்பையும் சேராமல் காத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி தெருவில் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு ரோடு போட அளக்க வரும்போதே வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்: மரத்தடியில் எவ்வளவு மண் விடுவீர்கள், மழைத்தண்ணீர் எங்கே இறங்கும்? சிமென்ட் கொட்டிய பிறகு கேட்டால் உடைக்க இரண்டாவது செலவு. மதிப்பீடு போடும்போதே கேட்டால், அதே பணத்தில் நிழலும் கிடைக்கும், நிலத்தடி நீரும் கிடைக்கும்.