பணியிடையே ஒரு தேநீர்

மும்பை தாராவியின் குறுகிய சந்துகளில் தையற்கூடங்களும் தோற்பொருள் பட்டறைகளும் நிறைந்துள்ளன. திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர் தலைமுறைகளாக அங்கு உழைத்து வருகின்றனர். மாலை நான்கு மணியளவில் தையற்பொறிகளின் ஓசை சற்றே அடங்கும். சிறு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தேநீர் வந்து சேரும். மும்பை மக்கள் அதனைக் 'கட்டிங்' என்பர். பத்து நிமிடங்களில் குவளைகள் காலியாகும்; பணி மீண்டும் தொடங்கும்.

அந்தப் பத்து நிமிடங்கள் வீணானவை அல்ல. பொறியின் முன் நெடுநேரம் குனிந்திருப்பவரின் கழுத்தும் தோளும் முதுகும் இறுகுகின்றன. ஊசிமுனையையே நோக்கும் கண்கள் சோர்கின்றன. உடல் சோர்ந்தால் கவனம் குறையும். கவனம் குறைந்தால் தையல் கோணலாகும். ஊசி விரலிலும் பாயும். சிறிது எழுந்து நடந்து, தொலைவில் பார்வையைச் செலுத்தினால் தசைகளும் கண்களும் இளைப்பாறும்.

தேநீரில் காஃபின் என்னும் பொருள் உள்ளது. மூளையில் களைப்புணர்வைத் தூண்டும் அடினோசினின் செயலை அது சில மணி நேரம் தடுக்கிறது. ஆனால் அது களைப்பை மறைக்குமேயன்றிப் போக்காது. களைப்பைப் போக்குவது ஓய்வே. ஆதலால், பொறியை நிறுத்தாமல் அருந்தும் தேநீர் இடைவேளை ஆகாது.

இடைவேளையில் பேச்சும் பிறக்கிறது. தமிழ், மராத்தி, இந்தி பேசுவோர் ஒன்றாக நிற்பர். ஊரில் மழை பெய்த செய்தியும், உடன் உழைப்பவரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஓய்வு முதலாளி காட்டும் சலுகை அன்று, உழைப்பவரின் உரிமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், எவரையும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே அரைமணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என விதித்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவ்விதியைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வகுத்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் அசாமிலும் கொழுந்து பறிப்போருக்கும் ஓய்வு உரிமையாயிற்று. எனினும், பத்துப் பேருக்கும் குறைவானோர் உழைக்கும் சிறு பட்டறைகள் பெரும்பாலும் தொழிற்சாலைகள் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. அத்தகைய இடங்களில் தேநீர் வேளை என்னும் வழக்கமே ஓய்வைக் காத்து வந்தது.

தேநீரை ஏந்தி வரும் கையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்பு பல ஊர்களில் அது ஒரு சிறுவனின் கையாக இருந்தது. 2006 அக்டோபர் 10 முதல், 14 வயதுக்குட்பட்டோரைத் தேநீர்க் கடைகளில் வேலைக்கு அமர்த்துவது தடை செய்யப்பட்டது. பெரியவர்களின் ஓய்வுக்காக ஒரு சிறுவன் தன் பள்ளியை இழத்தல் முறையன்று.

மாலையில் வீடு திரும்பும் தாயோ தந்தையோ பகலில் பத்து நிமிடம் அமர்ந்து தேநீர் அருந்தினார் எனில், அது சோம்பல் அன்று. அடுத்த சில மணி நேர வேலையைப் பிழையின்றியும் காயமின்றியும் முடிக்க அவருக்குத் துணைநின்றது அந்த ஓய்வே.

சிந்தித்து விடை எழுதுக:
1. பொறியை நிறுத்தாமல் அருந்தும் தேநீர் ஏன் இடைவேளை ஆகாது?
2. சிறு பட்டறைகளில் ஓய்வைக் காத்து வந்தது எது?
3. வீட்டில் பணிக்குச் செல்லும் ஒருவரிடம் அவரது இடைவேளையைப் பற்றிக் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.